போட்டி இல்லாமல் ஓடுவது எதற்காக?

கேள்வி: சேலத்திலிருந்து 34 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.) பள்ளிப் பருவம் முதல் 24 வயது வரை இவர் 400 மீட்டர் ஓட்டப் பந்தய வீராங்கனை. பல்கலைக்கழக அளவில் பதக்கங்கள் வாங்கியிருக்கிறார். சிறந்த நேரம் 58 வினாடி. தொடையின் பின்தசையில் அடுத்தடுத்து ஏற்பட்ட காயங்களாலும், அதே சமயத்தில் திருமணம் நிச்சயமானதாலும் ஓட்டம் நின்றுபோனது. இப்போது தனியார் நிறுவனமொன்றில் கணக்குப் பிரிவில் வேலை, இரண்டு குழந்தைகள், அன்றைக்கு இருந்ததைவிட 14 கிலோ கூடுதல் எடை.

கடந்த ஓராண்டில் ஜிம் ஒன்றின் 90 நாள் சவாலில் சேர்ந்து ஐந்தாவது வாரத்தில் விட்டுவிட்டார். அந்த ஜிம் இவருடைய படத்தைக் கேட்காமலேயே தன் பக்கத்தில் போட்டது இன்னொரு வேதனை. ஜனவரியில் ஒரு விடியற்காலை மைதானத்துக்குப் போய், கைக்கடிகாரத்தை அழுத்திவிட்டு ஒரு சுற்று ஓடியிருக்கிறார். 84 வினாடி. ஓரத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வீடு திரும்பியிருக்கிறார். அதன் பிறகு சாயங்காலம் தட்டுவடை செட் சாப்பிட்டால் இரவு உணவு கிடையாது, மறுநாள் இரு மடங்கு ஓட்டம் என்று தனக்குத் தானே விதித்துக்கொண்டிருக்கிறார். நான்கு மாதங்களாக மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறது. பயிற்சிக் காலத்தில் மாதக்கணக்கில் நின்றே போயிருந்தது, உடம்பு தயாராகிறது என்பதற்கு அது அடையாளம் என்று அன்றைய பயிற்சியாளர் சொல்வார் என எழுதியிருக்கிறார். "வாரம் 150 நிமிடம் நடந்தால் போதும் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு அவமானமாக இருந்தது. போட்டி இருந்தால்தான் என் உடம்பு அசையும். 10 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்துவிடட்டுமா? அல்லது நான் வெறும் சோம்பேறியாகிவிட்டேனா?" என்பது கேள்வி.

பதில்:

உங்கள் கடிதம் முழுவதும் எண்கள் நிறைந்திருக்கின்றன. வினாடிகள், கிலோக்கள், சுற்றுகள், விட்டுப்போன நாட்கள், இடுப்பின் சுற்றளவு. ஒரே ஒரு பத்தியில் மட்டும் எண்ணே இல்லை. கல்லூரிக் காலத்தில் ஏற்காட்டில் நடந்த பயிற்சி முகாமைப் பற்றிய பத்தி அது. பயிற்சியாளர் ஊருக்குப் போயிருந்த ஒரு காலையில், நீங்களும் தோழிகளுமாக ஏரிக்கரையிலிருந்து சேர்வராயன் கோயில் பக்கமாக ஓடியதையும், காபித் தோட்டங்களில் பூத்திருந்த வாசனையையும், மிளகுக்கொடி படர்ந்த சவுக்கு மரங்களைத் தொட்டுத் தொட்டு ஓடியதையும் எழுதிவிட்டு, "அன்று எவ்வளவு தூரம் ஓடினோம் என்று இன்றுவரை தெரியாது" என்று முடித்திருக்கிறீர்கள். (அவை சில்வர் ஓக் மரங்கள், உள்ளூரில் பலரும் மலைச்சவுக்கு என்பார்கள்.) என் பதிலின் பெரும்பகுதி அந்தப் பத்தியிலிருந்துதான் வருகிறது. ஆனால் அதற்கு முன்பு, தள்ளிப்போட முடியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

மாதவிலக்கைப் பற்றி முதலில்

கடுமையான பயிற்சியின்போது மாதவிலக்கு நிற்பது உடம்பு தயாராவதன் அடையாளம் என்ற நம்பிக்கை நம் மைதானங்களில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. உங்கள் பயிற்சியாளர் கெட்ட எண்ணத்தோடு அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் அது தவறு. செலவாகும் ஆற்றலுக்கு ஏற்ற உணவு உள்ளே போகாதபோது, உயிர் பிழைப்பதற்கு உடனடியாகத் தேவைப்படாத வேலைகளை உடல் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொள்கிறது. கருப்பையின் சுழற்சி அவற்றுள் ஒன்று. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் வெளியிட்ட அறிக்கையில் இந்த நிலைக்கு, விளையாட்டில் ஏற்படும் ஆற்றல் பற்றாக்குறை என்ற பொருளில் தனிப்பெயரே கொடுத்து, எலும்பு, இதயம், நோய் எதிர்ப்பு, மனநிலை என்று எல்லாவற்றையும் அது பாதிக்கும் என்று எச்சரித்தது. எலும்பு தன் உச்ச வலுவைச் சேர்த்துக்கொள்வது இருபதுகளின் பிற்பகுதி வரைதான் என்பதால், நீங்கள் ஓடிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகள் எலும்புக்கு முக்கியமானவை. அடிக்கடி காயம்பட்டதற்கும் காயங்கள் ஆறாமல் இழுத்ததற்கும்கூட அன்று போதாமல் போன சாப்பாடு ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

இப்போது இரவு உணவைத் தவிர்த்துவிட்டு மறுநாள் இரட்டிப்பாக ஓடுகிறீர்கள். மாதவிலக்கு தள்ளிப்போவதற்கு இது காரணமாக இருக்கலாம். தைராய்டு, கருமுட்டைப்பை நீர்க்கட்டி, கர்ப்பம் ஆகியவையும் காரணமாக இருக்கலாம். கடிதத்தை வைத்துக்கொண்டு எது என்று சொல்வது என் வேலையல்ல. இந்த வாரமே ஒரு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். தனியாரிடம் போக வசதிப்படாவிட்டால் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவுக்குப் போகலாம். பயிற்சிக் காலத்தில் மாதக்கணக்கில் நின்றிருந்த விவரத்தையும் மறக்காமல் சொல்லுங்கள். எலும்பின் அடர்த்தியைப் பார்க்க வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார். அதுவரை சாப்பாட்டைத் தவிர்ப்பதும் இரட்டிப்பு ஓட்டமும் நிற்க வேண்டும். இந்தப் பதிலில் நான் கண்டிப்பாகச் சொல்வது இது ஒன்றுதான்.

சோம்பல் என்று நீங்கள் சொல்வது

24 வயது வரை உங்களை அதிகாலை நான்கரை மணிக்கு எழுப்பியது எது என்று நினைத்துப் பாருங்கள். பயிற்சியாளரின் விசில் இருந்தது; வராவிட்டால் கேள்வி கேட்கும் குழு இருந்தது; அடுத்த போட்டியின் தேதி சுவரில் இருந்தது; விடுதியில் நேரத்துக்குச் சோறு இருந்தது; வீட்டில் யாரும் உங்களிடம் டிபன் பாக்ஸ் கேட்கவில்லை. இவையெல்லாம் ஒரே வருடத்தில் இல்லாமல் போயின. போனதை மனவுறுதி என்று நீங்கள் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். மனவுறுதியைத் தாங்கிநின்ற ஏற்பாடுதான் போனது. அந்த ஏற்பாடு இல்லாமல், வேலையும் வீடும் சேர்ந்த ஒரு நாளில், தனியாக எழுந்து ஓட வேண்டும் என்பது நீங்கள் இதுவரை பழகவே பழகாத ஒரு காரியம். பழகாததைச் செய்ய வராமல் இருப்பதற்குச் சோம்பல் என்று பெயரில்லை.

இதில் இன்னொன்றும் உண்டு. பிரூவர் என்ற அமெரிக்க உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல், விளையாட்டு வீரர் என்ற அடையாளத்தை ஒருவர் எவ்வளவு ஆழமாகத் தன்னோடு ஒட்டவைத்துக்கொண்டிருக்கிறார் என்பதை அளக்கும் கேள்விப்பட்டியல் ஒன்றை உருவாக்கினார்கள். அதன் பிறகு வந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிவது, அந்த ஒட்டுதல் எவ்வளவு வலுவோ அவ்வளவுக்கு விளையாட்டை விட்டு வெளியேறுவது கடினம் என்பதும், தானாக முடிவெடுத்து விடுவதைவிடக் காயத்தாலோ பிறர் முடிவாலோ விட நேர்ந்தவர்கள் அதிகம் தவிக்கிறார்கள் என்பதும்தான். உங்களுக்கு இரண்டும் ஒன்றாக நடந்தன. தோற்றவர்களுக்குத்தான் இந்தத் தவிப்பு என்றும் எண்ண வேண்டாம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா, வெற்றிக்குப் பிறகு தன்னைச் சூழ்ந்த வெறுமையைப் பற்றி வெளிப்படையாகவே பேசியிருக்கிறார்.

உங்கள் கடிதத்தில் உள்ள வேறு இரண்டு எண்ணங்களையும் இங்கேயே திருத்திவிடலாம். ஓட்டத்தை நிறுத்தியதால் தசை கொழுப்பாக மாறிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். தசை கொழுப்பாக மாறுவதில்லை, இரண்டும் வேறு வேறு திசுக்கள். பயன்படாத தசை சுருங்கியது, செலவு குறைந்தும் அளவு குறையாத சாப்பாடு கொழுப்பாகச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது, பத்தாண்டு ஓடிய உடம்பு என்பதால் இதயத்துக்கு ஒன்றும் ஆகாது, எடைதான் பிரச்சினை என்கிறீர்கள். ரால்ஃப் பாஃபென்பார்கர் என்ற ஆய்வாளர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்கள் ஏறத்தாழ 17,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 1978-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியான பதில். கல்லூரி அணியில் விளையாடியவர்களுக்கு மாரடைப்பு அபாயம் குறைவாக இருந்தது, பிற்காலத்திலும் அவர்கள் உடலை இயக்கிக்கொண்டிருந்தால் மட்டுமே. விளையாடிவிட்டு உட்கார்ந்துவிட்டவர்களுக்குப் பழைய விளையாட்டு கைகொடுக்கவில்லை. அவர் கவனித்தவர்கள் ஆண்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உடலுழைப்பின் பலன் அதைச் செய்யும் காலத்துக்குரியது என்பது பெண்களுக்கும் பொருந்தும். உங்களுக்கு இது நல்ல செய்தி என்றே நான் நினைக்கிறேன். பழைய பதக்கங்கள் எதையும் காப்பாற்றித் தரப்போவதில்லை என்றால், பழைய நேரத்தோடு போட்டிபோட வேண்டிய கட்டாயமும் இல்லை.

84 வினாடியைப் பற்றி

அந்தக் காலையில் நீங்கள் செய்தது உடற்பயிற்சி அல்ல. பத்து வருட இடைவெளிக்குப் பிறகு, தயார்ப்படுத்தாத தசையோடு, நீங்களாக இருந்த இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தியோடு வைத்த பந்தயம். பின்தசை மீண்டும் கிழியாமல் வந்தது பெரிய காரியம். முன்னாள் வேக ஓட்டக்காரர்களுக்கு இதுதான் தனி அபாயம்: எவ்வளவு வேகமாகக் காலை வீசுவது என்பது மூளைக்கு நினைவிருக்கிறது, தசைநாண்களுக்கு அந்த வலு இல்லை.

அதோடு 400 மீட்டருக்கான பயிற்சி உடல்நலத்துக்காக வகுக்கப்பட்டதே இல்லை. ஒரு நிமிடத்துக்குள் உடம்பில் இருப்பதையெல்லாம் செலவழித்து, கடைசி 80 மீட்டரில் கால் மரத்துப்போகும் வேதனையைத் தாங்குவதற்கான பயிற்சி அது. வாந்தி வரும்வரை ஓடினால்தான் பயிற்சி என்ற எண்ணம் உங்களுக்குள் பதிந்திருப்பது அங்கிருந்துதான். உலக சுகாதார அமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கேட்பது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு, இவற்றோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கான பயிற்சி. மிதமான உழைப்பு என்றால் பேச்சு வர வேண்டும், பாட்டு வரக்கூடாது. இந்த அளவு உங்களுக்கு அவமானமாகப் பட்டதில் வியப்பில்லை. மருத்துவர்களும் அதை மருந்துச் சீட்டுபோல நீட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் ஒரு வீராங்கனைக்கான அளவாக அதைப் பார்த்ததால்தான் அது சிறுத்துத் தெரிகிறது. இரண்டு குழந்தைகளின் தாயாக, நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவராக, அந்த 150 நிமிடத்தை வருடம் முழுக்க விடாமல் செய்வது லேசான வேலை இல்லை.

எதைப் பிடித்துக்கொண்டு தொடங்குவது

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற இரு உளவியலாளர்கள், ஒரு செயலில் மனிதர்கள் நீடித்து நிற்க மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்கிறார்கள்: இது என் விருப்பப்படி நடக்கிறது என்ற உணர்வு, எனக்கு இது கைவருகிறது என்ற உணர்வு, உடன் மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. குற்றவுணர்வாலும் வெட்கத்தாலும் தொடங்கும் பயிற்சி வேகமாகக் கிளம்பும், நிலைப்பது அரிது. ஜிம்மின் 90 நாள் சவாலில் மூன்றில் ஒன்றுகூட இல்லை. அட்டவணை அவர்களுடையது, எடைமேடையில் ஏறும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் நீங்கள் தோற்றீர்கள், பக்கத்தில் இருந்தவர்களின் பெயர்கூட உங்களுக்குத் தெரியாது. ஏற்காட்டுக் காலையில் மூன்றும் இருந்தன. ஆகவே ஓட்டம் உங்களுக்குப் பிடிக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஓட்டத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்த கணக்குதான் உங்களை வதைக்கிறது.

மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு, முதல் மூன்று மாதங்களுக்கு இப்படிச் செய்து பாருங்கள். கடிகாரம் வீட்டில் இருக்கட்டும். கைப்பேசியில் உள்ள நடைச் செயலியை நீக்கிவிடுங்கள். வாரத்தில் மூன்று காலைகள் போதும், அந்தக் கிழமைகளை நீங்களே தேர்ந்தெடுங்கள். மகாத்மா காந்தி விளையாட்டரங்கம் இப்போதைக்கு வேண்டாம். அந்த ஓடுபாதையில் கால் வைத்தாலே மனம் வினாடியை எண்ணத் தொடங்கிவிடும். வீட்டருகே நிழலுள்ள தெருக்களோ குமரகிரியின் படிகளோ நல்லது. படி ஏறுவது தொடைக்கும் பிட்டத்துக்கும் வலு தரும். இறங்கும்போது நிதானமாக இறங்குங்கள், ஏனென்றால் இறக்கத்தில் நீளும் தசைதான் மறுநாளும் அதற்கு மறுநாளும் வலிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் சேலத்து வெயில் ஏழு மணிக்கே முகத்தில் அறைவதால் ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் ஒரு முறை போய்ப் பின்தசைக்கும் குதிகால் தசைநாணுக்கும் உரிய பயிற்சிகளைக் கேட்டுக்கொண்டு, வாரம் இரண்டு நாள் வீட்டில் செய்யுங்கள். இது சலிப்பாகத்தான் இருக்கும். இதை உற்சாகத்தோடு செய்ய வேண்டும் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. பல் துலக்க யாரும் உற்சாகத்துக்குக் காத்திருப்பதில்லை.

துணை தேடுங்கள். அலுவலகத்திலோ தெருவிலோ ஒரே ஒரு பெண் போதும், உங்களைவிட மெதுவாக நடப்பவராக இருந்தால் இன்னும் நல்லது. பக்கத்துப் பள்ளியில் ஓடும் பெண் பிள்ளைகளுக்கு உதவப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் சிறிது காலம் கழித்துப் போங்கள். எடையைப் பற்றி உங்களிடம் சொல்லப்பட்ட சொற்கள் இன்னும் உங்கள் காதில் ஒலித்துக்கொண்டிருக்கின்றன. அவை அந்தப் பிள்ளைகளிடம் உங்கள் வாய்வழியாக வந்துவிடக்கூடாது.

எது மாறியது என்று பார்க்க ஏதாவது வேண்டும் என்று உங்கள் மனம் கட்டாயம் கேட்கும். அலுவலகத்தில் இரண்டாம் மாடி ஏறும்போது மூச்சு எப்படி இருக்கிறது, இரவு தூக்கம் எப்படி வருகிறது, நடந்துவிட்டு வந்த நாளில் பிள்ளைகளிடம் கத்தியது குறைந்ததா என்பதை வாரம் ஒரு வரி எழுதிவையுங்கள். தட்டுவடை செட்டை அந்த நோட்டில் எழுத வேண்டாம். பீட்ரூட்டும் கேரட்டும் சட்னியும் வைத்த இரண்டு தட்டுவடைக்காக யாரும் பிராயச்சித்தம் செய்ய வேண்டியதில்லை. சாப்பிட்டதற்குத் தண்டனையாக ஓடத் தொடங்கினால் சாப்பாடு, ஓட்டம் இரண்டுமே வெறுத்துப்போகும். ஒரு நாள் ஓட முடியாமல் போனால் எரிச்சலும் பதற்றமும் தாங்க முடியாத அளவுக்கு வருகிறது, காய்ச்சலிலும் வலியிலும்கூட ஓடத் தோன்றுகிறது, சாப்பிட்டதை யாருக்கும் தெரியாமல் கணக்கிடுகிறீர்கள் என்றால் அது தனியாகச் சமாளிக்கும் விஷயமல்ல. நேரில் ஓர் உளவியலாளரைப் பாருங்கள். அதற்கு முன்னால் பேச ஆள் வேண்டுமானால் அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலிமானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் கட்டணமில்லாமல், தமிழிலேயே, எந்த நேரத்திலும் பேசலாம்.

வீடும் ஜிம்மும்

"என்ன, மறுபடி போட்டிக்கா போகப் போறே?" என்று கணவர் கேட்பதை எழுதியிருக்கிறீர்கள். கேலியாக இருக்கலாம், உண்மையிலேயே புரியாமலும் கேட்கலாம், ஏனென்றால் நீங்களே போட்டி இல்லாமல் ஓடுவதற்குக் காரணம் வேண்டும் என்றுதானே நினைக்கிறீர்கள். பொதுவாகப் பேசாமல், குறிப்பாகக் கேளுங்கள்: வாரத்தில் இந்த மூன்று நாள், ஐந்தரை முதல் ஆறேகால் வரை நான் வெளியே இருப்பேன், அந்த நேரத்தில் பிள்ளைகளை எழுப்புவதும் பால் காய்ச்சுவதும் உங்கள் பொறுப்பு என்று. மாமியாருக்கு வேலையை மாற்றிவிட்டுப் போகாதீர்கள். அந்தக் கடன் வேறு வடிவத்தில் திரும்பி வரும்.

ஜிம் விஷயத்தில், உங்கள் சம்மதமில்லாமல் உங்கள் படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சேரும்போது கையெழுத்திட்ட படிவத்தில் அப்படி ஏதேனும் நிபந்தனை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு படத்தை நீக்கும்படி எழுத்து மூலம், தேதி குறிப்பிட்டுக் கேளுங்கள். வாட்ஸ்அப் செய்தியும் பதிவாக இருக்கும், பதிவின் படத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர மறுப்பதைப் பற்றி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிட வழி இருக்கிறது. எவ்வளவு கிடைக்கும் என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அதற்கு ஒரு வழக்கறிஞரிடம் காகிதங்களைக் காட்டுங்கள். பணத்தை விட்டாலும் படத்தை விடாதீர்கள் என்பது என் தனிப்பட்ட கருத்து.

10 கிலோமீட்டர் ஓட்டம்

போட்டியே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். போட்டியை ரசிப்பவர் நீங்கள். அதை ஒரு நோயாகக் கருதி அறுத்தெறியத் தேவையில்லை. மூத்தோர் தடகளத்தில் பெண்களுக்கு 35 வயது முதல் ஐந்தைந்து ஆண்டுப் பிரிவுகள் இருப்பதால், அடுத்த ஆண்டு உங்களுக்கு அந்தக் கதவும் திறக்கிறது. ஆனால் போட்டித் தேதி ஒன்றை வைத்துக்கொண்டால்தான் எழுந்திருப்பேன் என்றால், தேதி முடிந்த மறுநாள் மறுபடியும் இதே கடிதத்தை எழுத வேண்டிவரும்.

ஆகவே, இந்தப் பருவத்தில் பெயர் கொடுக்க வேண்டாம். மாதவிலக்கு சீராகி, பின்தசை வலுப்பெற்று, மூன்று மாதம் கடிகாரமில்லாமல் போய் வந்த பிறகு உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த ஓட்டத்தில் கடைசியாக வந்தாலும், அதற்காகத் தயாரான காலைகள் எனக்கு லாபம்தானா? ஆம் என்று தயங்காமல் வந்தால் பெயர் கொடுங்கள். தயக்கம் வந்தால் ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள், அடுத்த வருடமும் ஓட்டம் நடக்கும். எப்படியானாலும் முதல் ஓட்டமாக 10 கிலோமீட்டரைவிட 5 கிலோமீட்டரையே தேர்ந்தெடுங்கள். 400 மீட்டர்க்காரருக்கு முதல் கிலோமீட்டரிலேயே இருப்பதையெல்லாம் கொட்டிவிடும் பழக்கம் இருக்கும், அதை அடக்கிப் பழகுவதற்கு அந்தத் தூரமே போதும்.